களத்தில் சொல்லக் கூடாத சொல்

எந்த ஊர் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். கேட்பவர் பாவம், கதை தொடங்குவதற்காகக் கேட்கிறார். கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் வேறு என்னத்தைக் கேட்பார்? ஆனால் இருபத்துமூன்று வயதில் அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு திரிந்தவனுக்கு அது நலம் விசாரிப்பதாகப் படாது. முரசுமோட்டை என்பேன். அதற்கு மேலும் தோண்டினால் எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

நான் வந்தது இராமநாதபுரம் கரையிலிருந்து. ஐம்பதுகளின் நடுப்பகுதி. மூன்று வருடமாக மழை ஏமாற்றியதில் எங்கள் கண்மாய் வெடித்துக் கிடந்தது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். அக்கரையில் பெரிய குளத்துத் தண்ணீரை வைத்துக் காடு வெட்டி வயல் கொடுக்கிறார்கள், வேலைக்கு ஆள் காணாமல் தவிக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான். தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போகிறேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தோணி ஏறினேன். நாடு விட்டு நாடு போகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கேயும் தமிழ்தானே பேசுகிறார்கள், இதில் என்ன வேறு நாடு என்ற நினைப்பு. கடவுச்சீட்டு என்ற சொல்லையே நான் இந்தக் கரையில் இறங்கிய பிறகுதான் கேள்விப்பட்டேன்.

தமிழ்தான் பேசினார்கள். அதுதான் வினையாகப் போனது. சீன தேசத்துக்குப் போயிருந்தால் ஊமை என்று விட்டிருப்பார்கள். இங்கே நான் ‘ஆமாங்க’ என்று வாயைத் திறந்ததும் சந்தைக்கே தெரிந்துவிடும். எங்களுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: கள்ளத்தோணி. தோணி பாவம், அது என்ன களவெடுத்தது என்று எனக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வேன். வெளியே சிரிக்கத் தைரியம் கிடையாது. பிடிபட்டால் முகாமில் வைத்திருந்து கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நான் வெறுங்கையோடு போய் இறங்கினால் அந்த வீட்டில் மூன்று பேரின் அடுப்பும் அணைந்துவிடும்.

எனக்கு வேலை தந்தவரை அண்ணை என்று கூப்பிட்டேன். முதலில் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய மனைவி, நான் அக்கா என்று அழைத்தவர், முதல் நாளே திருத்திவிட்டார்.

“அண்ணே எண்டு கூப்பிடாதை தம்பி. அண்ணை எண்டு சொல்லு. ஆரும் கேட்டால் நீ என்ரை சின்னம்மாவின்ரை மகன். தீவுப் பக்கம். விளங்குதோ?”

“விளங்குதுங்க.”

“உந்த ‘ங்க’வை விடு. ஓம் எண்டு சொன்னால் போதும்.”

அவர்களும் வந்தவர்கள்தான். யாழ்ப்பாணத்தில் இருந்த துண்டு நிலம் சகோதரங்களுக்குள் பிரிபட்டதும், இரணைமடுத் தண்ணீர் பாயும் இந்தக் காணிக்கு அண்ணை விண்ணப்பம் போட்டுக் கிளம்பி வந்திருந்தார். காட்டுக்குள் போய்க் காய்ச்சலில் சாகப் போகிறான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்களாம். அவர் வந்ததற்கு அரசாங்கக் கடிதம் இருந்தது, நான் வந்ததற்கு இல்லை. மற்றப்படி பாலை மரத்தடியில் கொட்டில் போட்டு, பன்றிக்கும் யானைக்கும் பயந்து படுத்த விதத்தில் எங்கள் இருவருக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதை அவரிடம் சொல்லிப் பார்க்கவில்லை. சொல்லியிருந்தால் அடிதான் விழுந்திருக்கும். அவருக்கு நாற்பது வயது இருக்கும். மூக்கின் நுனியில் கோபம்.

நான் வந்த முதல் வருட அறுவடையில்தான் அந்தக் கோபத்தின் முழு அளவையும் பார்த்தேன். வெட்டிய நெற்கதிரை மலை போல அடுக்கி வைத்திருப்பார்கள். அதைச் சூடு என்பார்கள். சூட்டைப் பிரித்துக் களத்தில் பரப்பி, மாடுகளைச் சுற்றி நடத்தி மிதிக்க வைத்து, பிறகு காற்றில் தூற்றி நெல்லைக் குவிப்பார்கள். களம் என்பது இவர்களுக்குக் கோயில் மாதிரி. செருப்போடு ஏறக் கூடாது. பெண்கள் ஏறக் கூடாது. எல்லாவற்றையும் விடப் பெரிய கட்டளை, சில சொற்களைச் சொல்லக் கூடாது. ‘போதும்’ கூடாது, ‘முடிந்தது’ கூடாது, ‘இல்லை’ கூடவே கூடாது. சாக்குக் குறைந்தால் ‘சாக்கு வரட்டும்’ என்று சொல்ல வேண்டும். குடத்துத் தண்ணீர் வற்றினால் ‘குடம் நிறையட்டும்’ என்று சொல்ல வேண்டும். களத்தில் நின்று இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடும் என்பது நம்பிக்கை. எங்கள் பக்கத்திலும் களத்தில் ஆயிரம் சாங்கியம் உண்டு. ஆனால் ஒரு சொல்லுக்கு இப்படி நடுங்குகிறவர்களை நான் கண்டதில்லை. மனதுக்குள் கேலி செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணை நெல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, “தம்பி, சாக்கெங்கை?” என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். வைத்த இடத்தில் ஒன்றும் கிடக்கவில்லை.

“சாக்கு இல்லீங்கண்ணே!” என்று முழுக் குரலில் கத்தினேன்.

மாடு நடத்தியவன் கயிற்றை விட்டுவிட்டான். எல்லோரும் என்னை அல்ல, குவியலைப் பார்த்தார்கள். அண்ணையின் முகம் கறுத்துப் போனது.

“இறங்கு களத்தை விட்டு,” என்றார்.

அவ்வளவுதான். தேங்காய் உடைத்தார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். நான் பொழுது சாயும் வரைக்கும் வரப்பில் தனியாக நின்று மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் நெல் எதிர்பார்த்ததை விடக் குறைவாகத்தான் கண்டது. என்னால்தான் என்று அண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு கிழமை என்னோடு பேசவே இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். ஒரு சொல்லுக்காக மனிதனை இப்படியா ஒதுக்குவது என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கசப்பை ஒரு வருடம் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அவருடைய சோற்றைத் தின்றேன்.

அக்காதான் ஒரு நாள் சொன்னார். “அவரை முறைச்சுப் பாக்காதை தம்பி. நாங்கள் இஞ்சை வந்த முதல் வருசம் பன்றி அழிச்சுது. ரெண்டாம் வருசம் வெள்ளம். வெறுங்களத்திலை நிண்டு அந்த மனிசன் பாத்த பார்வையை நான் கண்டனான். அவருக்கு இந்தக் காணியை விட்டால் வேறை கதி கிடையாது.”

இது நடந்து சில மாதத்தில் கண்டாவளைப் பக்கம் வேலை செய்த எங்கள் ஊர்க்காரன் ஒருவன் பிடிபட்டான். புதுச் சட்டை வாங்கவென்று போனவன், பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது கொண்டு போய்விட்டார்கள். பழைய சட்டைப் பையில் ஊரிலிருந்து வந்த கடிதம் இருந்ததாம். சேதி வந்த அன்று அக்கா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார்.

“உன்ரை கொம்மாவின்ரை கடிதங்களை எடுத்துக்கொண்டு வா.”

ஏழு கடிதங்கள். தங்கை கையெழுத்தில் அம்மா சொல்லச் சொல்ல எழுதியவை. நெருப்பில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு தரம் வாசிக்க விட்டார். நான் வாசித்துக் கொடுக்க, அவர் அடுப்பில் வைத்தார். எழுத்தறியாத அம்மா ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் பெயருக்குப் பதிலாக ஒரு கோலப் புள்ளி வைத்திருந்தாள். அது கருகுவதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். இனி நான் எழுதவும் கூடாது, அங்கிருந்து கடிதம் வரவும் கூடாது என்று ஆனது. போய்வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பும் காசும் நின்றது. மகன் இருக்கிறானா, கடலில் போனானா என்று அங்கே அவளுக்குத் தெரியாது. எனக்கு அந்த மாதங்களில் ஒழுங்கான தூக்கம் கிடையாது. றோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கை தானாக வேலையை நிறுத்திவிடும்.

அடுத்த அறுவடை நன்றாக விளைந்திருந்தது. அண்ணை அந்தச் சூட்டை அடுக்கிய அன்று அதைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். மிதிப்புத் தொடங்கிய இரண்டாம் நாள், பின்னேரம் மூன்று மணி இருக்கும். சூட்டில் பாதிதான் பிரித்திருந்தோம். மிதித்த நெல்லை நான் மேடையில் ஏறிச் சுளகால் தூற்றிக்கொண்டிருந்தேன். அண்ணை கீழே பதரை ஒதுக்கினார். இன்னும் மூன்று பேர் வைக்கோலை உதறிக்கொண்டு நின்றார்கள். அக்கா தேத்தண்ணிக் கேத்தலோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் ஜீப் வந்து நின்றது.

இறங்கியது ஓர் அதிகாரி, இரண்டு பொலிஸ்காரர், கூடவே ஊர் விதானையார். எங்கள் ஊருக்கு அரசாங்கத்தின் ஆள் என்றால் விதானையார்தான். நான் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் பிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். அவர் இப்போது மேகத்தைப் பார்க்கிறவர் போல வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ என்னைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று இன்று வரைக்கும் தெரியாது.

அதிகாரி நேரே என்னைப் பார்த்தார். “தம்பிக்கு எந்த ஊர்?”

தீவுப் பக்கம் என்ற இரண்டு சொல்லை இரண்டு வருடமாகப் பழகியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. அண்ணை குறுக்கே விழுந்தார்.

“தூத்துறவன் வாய் திறக்கக் கூடாது ஐயா. களத்து வழக்கம்.”

“அப்பிடியோ? எனக்கு அது புதுசாக் கிடக்கு,” என்று அதிகாரி சிரித்தார். “நானும் வயல்காரன்ரை பிள்ளைதான். சரி, அவரை விடுங்கோ. நீங்கள் சொல்லுங்கோ.”

“வரப்புக்கு வாங்கோ ஐயா. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைப்பம்.”

“இந்த இடமே நல்லாக் கிடக்கு.”

அவர் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு களத்தில் ஏறினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். என்ன சொல்லக் கூடாது என்று தெரிந்துகொண்டுதான் ஏறுகிறார்.

“களத்திலை நிண்டு ஒரு வயல்காரன் சொல்லுறதுக்கு நான் மறுகேள்வி கேக்கமாட்டன்,” என்றார் அண்ணையிடம். மரியாதையான குரல். “அக்கரையிலையிருந்து வந்த ஆள் ஆரும் உங்களிட்டை நிக்கினமோ? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. மற்றதெண்டால் மற்றதைச் சொல்லுங்கோ.”

வைக்கோல் உதறியவர்களின் கை நின்றது. நான் சுளகைத் தலைக்கு மேல் பிடித்தபடியே நின்றேன். இறக்கத் தோன்றவில்லை. அண்ணை பக்கத்தில் கிடந்த குவியலைப் பார்த்தார். பிறகு பிரிக்காமல் கிடந்த சூட்டைப் பார்த்தார். என்னை ஒரு தரமும் பார்க்கவில்லை.

ஓம் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சாக்குக்காகச் சொன்ன ஒரு சொல்லுக்கு என்னைப் பொழுது சாயும் வரைக்கும் வரப்பில் நிறுத்தியவர், அதே சொல்லை எனக்காகவா சொல்லப் போகிறார்? அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்துவிட்டது. உடனே வெட்கமாகவும் இருந்தது. நானே இறங்கி, ‘நான்தாங்க’ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன் என்று இப்போது எழுதினால் பொய். எனக்குப் பயம் ஒன்றுதான் இருந்தது.

அண்ணை குனிந்து ஒரு கை நெல் அள்ளினார். விரல் இடுக்கால் அது மறுபடி குவியலில் சொரிந்து முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லை,” என்றார்.

வைக்கோல்காரரில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். வரப்பில் அக்கா கேத்தலை நிலத்தில் வைத்துவிட்டுக் களத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். விதானையார் அப்போதுதான் வானத்தை விட்டுக் கண்ணைக் கீழே இறக்கினார்.

“இல்லை,” என்று அண்ணை இன்னொரு தரம் சொன்னார், முதலில் சொன்னது யாருக்கும் கேட்காமல் போய்விட்டது மாதிரி. “ஒருத்தரும் இல்லை.”

அதிகாரி அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு களத்தை விட்டு இறங்கி, வரப்பில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை நிதானமாகக் கட்டினார். எழுந்து, “பொலியட்டும்,” என்றார். களத்தில் சொல்ல வேண்டிய சரியான சொல் அது, விளைச்சல் பெருகட்டும் என்ற வாழ்த்து. ஜீப் போய்விட்டது. அவர் நம்பிப் போனாரா, நம்பாமல்தான் விட்டுப் போனாரா என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். ஒரு வயல்காரன் களத்தில் நின்று அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொல்லமாட்டான் என்று அவர் முழுதாக நம்பியிருக்கவும் கூடும்.

“தூத்து,” என்றார் அண்ணை என்னைப் பார்க்காமல். தூற்றினேன். நெல்லும் பதரும் ஒன்றாகவே விழுந்தன.

அன்று மாலை மழை பிடித்தது. பங்குனி மாதத்தில் யாரும் எதிர்பாராத மழை. அந்த இரவும் அடுத்த நாள் முழுக்கவும் கொட்டியது. குவியலை ஓலையாலும் சாக்காலும் மூடினோம். பிரிக்காத சூட்டை என்ன செய்ய? வெயில் வந்து பிரித்துப் பார்த்தபோது உள்ளே கதிரோடு வெள்ளை முளை ஓடியிருந்தது. பாதி விளைச்சல் போனது.

ஊர் பேசத் தொடங்கியது. களத்தில் அப்படிச் சொன்னால் வேறு என்ன நடக்கும் என்றார்கள். மழை முரசுமோட்டை முழுக்கத்தான் பெய்தது. அந்தச் சொல்லைச் சொல்லாதவர்களின் சூடும்தான் முளைத்தது. ஆனால் இதை எடுத்துச் சொல்ல எனக்கு ஏது வாய்? அண்ணையும் அக்காவும் ஈர நெல்லை முற்றத்துப் பாயில் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் அதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாற்றுச் சாறத்தையும் துவாயையும் ஒரு பையில் சுருட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். பரந்தனுக்கு நடந்து போய் நானாகவே பிடிபட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

“நான் போயிர்றேண்ணே,” என்றேன். பழகிய பேச்சு எல்லாம் மறந்து ஊர்ப் பேச்சுத்தான் வந்தது. “என்னாலதான் உங்களுக்கு இவ்வளவும்.”

அவர் நெல் கிளறுவதை நிறுத்தினார். ஒரு வருடத்துக்கு முன் களத்தில் பார்த்த அதே கறுத்த முகம்.

“எங்கை போறாய்?”

“ஊருக்கு.”

“எந்த ஊருக்கு?” என்று கத்தினார். “அக்கரை ஆள் ஆரும் இஞ்சை இல்லை எண்டு நான் களத்திலை ஏறி நிண்டு சொன்னனான். பொய்யெண்டு தெரிஞ்சுதான் சொன்னனான். நீ இப்ப மூட்டையைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனால் என்ரை சொல்லு என்னத்துக்கு ஆகும்? பாதி நெல்லைக் குடுத்துப் பொய்யோ வாங்கினனான்? அதை உண்மையாக்கிறது உன்ரை வேலை. பையை உள்ளுக்கை கொண்டுபோய் வை.”

நான் அழுதேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் என்னைத் தேற்றவெல்லாம் இல்லை. முளைத்த நெல்லைப் பொறுக்கி மாட்டுக்கு ஒதுக்கிக்கொண்டே இருந்தார். போகக் கூடாது என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தியதில் வந்த நிம்மதி ஒரு பக்கம். அவர் சொன்னது உண்மையாக வேண்டுமென்றால் நான் எதை விட வேண்டும் என்பது மறு பக்கம். எங்கள் கண்மாய்க் கரை, தங்கைகளின் கலியாணம், அம்மாவின் கடைசிக் காரியம். எல்லாவற்றுக்கும் நான் அந்நியனாகத்தான் இருக்கப் போகிறேன். அன்றைக்கு முற்றத்தில் நின்று எனக்கு அது தெரிந்தது. பின்னர் எல்லாமே அப்படித்தான் நடந்தன.

பையை உள்ளே வைத்துவிட்டு மறுபடி வந்தேன்.

“அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதலாமா?” என்று கேட்டேன். “நான் உயிரோட இருக்கனா இல்லையான்னு அவளுக்குத் தெரியாதுண்ணே.”

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அவர் நெல்லைக் கிளறிய காலைத் தட்டிவிட்டு, துவாயால் முகத்தைத் துடைத்தார்.

“எழுது,” என்றார். “ஆனால் களத்திலை நான் சொன்னது சொன்னதுதான். களத்துக்கு வெளியிலை இருந்து எழுது.”

அக்கா கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். வயலுக்குப் போய், வெறுமையாகக் கிடந்த களத்தைத் தாண்டி, வாய்க்கால் வரப்பில் போய் இருந்தேன். எழுத வேண்டியதை இத்தனை மாதமாக மனதில் சேர்த்து வைத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் இரண்டே வரி எழுதினேன். அம்மா, நான் இருக்கிறேன். இங்கேதான் இருப்பேன். அடியில் பெயர் போடவில்லை. அவளைப் போல ஒரு புள்ளி வைத்தேன்.